திருச்சூர் நாடக விழாவுக்கு மாணவர்களை அழைத்துப் போகும் முன்

கேரள சங்கீத நாடக அகாதமி 2008 முதல் நடத்தும் சர்வதேச நாடக விழாவுக்கு தருமபுரியிலிருந்து போக, சேலம் ஜங்ஷனில் ரயில் ஏறுவது வசதி. பஸ் உங்களைப் புதிய பேருந்து நிலையத்தில் விடும், ஜங்ஷனோ சூரமங்கலத்தில். டவுன் பஸ் பிடிக்க முக்கால் மணி நேரமாவது ஒதுக்குங்கள்.

ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கும். ஒரு டிக்கெட்டில் 6 பேர்தான். 24 மாணவர், 3 ஆசிரியர் என்றால் 5 டிக்கெட். ஒவ்வொன்றிலும் ஓர் ஆசிரியர் பெயரைச் சேர்க்கப் பார்த்தால் ஆள் போதாது. அதனால் இரண்டு டிக்கெட்டுக்கு பிளஸ் டூ மாணவர் ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். மாணவிகள் வந்தால் ஆசிரியை கட்டாயம். பெற்றோர் ஒப்புதல் கடிதத்தில் ரத்த வகை, சாப்பிடும் மருந்து இரண்டும் இருக்கட்டும்.

நாடகங்களை நீங்களே தேர்ந்தெடுங்கள். சில பெரியவர்களுக்கானவை, கதைச்சுருக்கம் படிக்காமல் டிக்கெட் எடுத்தால் பாதியில் எழுந்து வர நேரும். நாளுக்கு இரண்டு போதும், மூன்றாவதில் தூங்கிவிடுவார்கள்.

நம் பிள்ளைகள் தெருக்கூத்து பார்த்து வளர்ந்தவர்கள். அங்கே கட்டியங்காரன் வந்து கதையை அவிழ்ப்பான், நடுவில் எழுந்து டீ குடிக்கலாம். இங்கே இரண்டும் கிடையாது. மொழியும் புரியாது. முந்தின வாரமே கதையைச் சொல்லி, யார் யாருக்கு என்ன உறவு என்று கரும்பலகையில் வரைந்துவிடுங்கள். செல்போனை சைலன்ட்டில் போட்டால் போதாது, திரை வெளிச்சமே நடிகரை உறுத்தும். அணைத்துப் பைக்குள் வைக்கச் சொல்லுங்கள்.