பிள்ளைகள் உள்ள வீட்டில் கார்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

“மார்த்தாண்டத்துக்குத்தானே, பத்து நிமிஷம்” என்று சொல்லி, பிள்ளையை முன்சீட்டில் மடியில் வைத்துக்கொண்டு கிளம்புவதுதான் நம் கன்னியாகுமரி மாவட்டத்துப் பக்கம் அதிகம் நடக்கும் தவறு. திருவனந்தபுரம் போகும்போது பெல்ட் போடுகிறவர்கள்கூட சர்ச்சுக்கும் கல்யாண வீட்டுக்கும் போகும்போது போடுவதில்லை. சடன் பிரேக் போட்டாலும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறோம். முடியாது. 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் மோதி நின்றால், 10 கிலோ எடையுள்ள குழந்தை ஏறத்தாழ 300 கிலோ பாரம் இழுப்பது போன்ற விசையோடு முன்னால் பாயும். எந்தத் தாயின் கையும் அதைத் தாங்காது. ஒரே பெல்ட்டை இரண்டு பேருக்கும் சேர்த்துப் போடுவது இன்னும் மோசம். பெரியவரின் எடை முழுவதும் பிள்ளை மேல் விழும். ஏர்பேக் விரிந்தால் நேராகப் பிள்ளையின் தலையில்தான் அடிக்கும்.

அதனால் பிள்ளைகளின் இடம் பின்சீட்டுதான். கைக்குழந்தைக்குப் பின்பக்கம் பார்த்த சைல்ட் சீட் வேண்டும். பலர் அதை வாங்கிவிட்டு, தளர்வாக மாட்டி வைக்கிறார்கள். பெல்ட் போகும் இடத்தில் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஒரு அங்குலத்துக்கு மேல் அசையக் கூடாது. பெரியவர்களுக்கான பெல்ட் கழுத்தில் உரசாமல் தோளில் படிய, பிள்ளை ஏறத்தாழ 145 செ.மீ. உயரம் வளர வேண்டும். அதுவரை, பிள்ளையை உயர்த்தி உட்கார வைக்கும் பூஸ்டர் சீட் நல்லது. 14 வயதுக்குட்பட்ட பிள்ளையை பெல்ட்டோ சைல்ட் சீட்டோ இல்லாமல் கூட்டிப் போனால் 1,000 ரூபாய் அபராதம் என்று 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டமே சொல்கிறது.

அடுத்தது வீட்டு முற்றம். குலசேகரம், அருமனை பக்கம் பல வீடுகள் மேட்டில் இருக்கும். சரிவில் நிறுத்தும்போது ஹேண்ட்பிரேக்கை மட்டும் நம்பாமல் கியரிலும் போட்டு வையுங்கள். விளையாட ஏறும் பிள்ளை ஹேண்ட்பிரேக்கை இறக்கிவிட்டால் வண்டி உருண்டுவிடும். ரிவர்ஸ் எடுக்கும்போது, பின்னால் குனிந்து செருப்பை எடுக்கும் இரண்டு வயதுப் பிள்ளை கண்ணாடியில் தெரியாது. கேமரா இருக்கிறதே என்பீர்கள். இங்கே இரண்டு பருவமழையும் உண்டு. சேறு தெறித்த லென்ஸில் என்ன தெரியும்? பிள்ளை யார் கையில் இருக்கிறது என்று கண்ணால் பார்த்த பிறகு வண்டியை எடுங்கள்.

கடற்காற்று வீசும் ஊர்தானே என்று பிள்ளையைக் காரில் விட்டுவிட்டு மீன் வாங்க இறங்குவதும் தவறு. வெளியே 32 டிகிரி என்றாலும், வெயிலில் பூட்டி நிற்கும் காருக்குள் அரைமணி நேரத்தில் 50 டிகிரியை நெருங்கிவிடும். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைப்பதால் பெரிதாகப் பயன் இல்லை. பிள்ளையின் உடம்பு நம்முடையதைவிட வேகமாகச் சூடேறும்.

சன்ரூஃபில் தலையை நீட்டி நிற்க விடவே வேண்டாம். ஆடிக் காற்றில் ஆரல்வாய்மொழிப் பக்கம் இறங்கினால் கதவை நீங்களே பிடித்துத் திறந்துவிடுங்கள். காற்று அறைந்து சாத்தினால் விரல் நசுங்கிவிடும். அப்புறம், வீட்டில் கார் சும்மா நிற்கும்போதும் பூட்டியே இருக்கட்டும், சாவி பிள்ளைக்கு எட்டாத ஆணியில் தொங்கட்டும்.