மோரியா முகாமில் செருப்புக்கு ஒரு வழி

கிரேக்கத்தின் லெஸ்போஸ் தீவில் இருந்த மோரியா அகதிகள் முகாம் 2020 செப்டம்பரில் எரிந்துபோனது. அதற்கு முந்தைய குளிர்காலத்தில் அங்கே துணியும் காலணியும் கொடுக்கும் வேலை பார்த்தேன். சுமார் 3,000 பேருக்குக் கட்டிய இடம் அது. அதைவிடப் பல மடங்கு கூட்டம். உள்ளே இடமில்லாதவர்கள் சுற்றியிருந்த ஒலிவத் தோப்பில், தார்ப்பாய்க்கு அடியில்.

துணி எப்படியோ ஓடிவிடும், ஷூதான் தலைவலி. நன்கொடையில் இங்கிலாந்து அளவும் ஐரோப்பிய அளவும் கலந்து வரும். ஒன்றில் 8, இன்னொன்றில் 42. இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். மழையில் நின்று, சேறு அப்பிய காலோடு போட்டுப் பார்த்து, சேராவிட்டால் மறுபடி வரிசை. தள்ளுமுள்ளு வராமல் என்ன செய்யும்?

சரி, அளவை முதல் நாளே எடுத்துவிடலாம் என்று கிளம்பினோம். முகாமிலேயே இருந்த ஆப்கன் இளைஞர் ஒருவர் மொழிபெயர்க்கக் கூட வந்தார். கூடாரம் கூடாரமாகப் போய், கிழித்த அட்டைமேல் காலை வைக்கச் சொல்லிப் பென்சிலால் சுற்றி வரைந்தோம். குழந்தைகளுக்குக் கூச்சம் தாங்காது, கோடு கோணிப் போகும்! குதிகாலிலிருந்து விரல் நுனிவரை எத்தனை சென்டிமீட்டரோ, அதோடு ஒன்றரை கூட்டி ஒன்றரையால் பெருக்கினால் ஐரோப்பிய அளவு. 26.5 என்றால் 42. பெட்டிகளையும் அதே கணக்கில் அடுக்கி, அளவும் வரவேண்டிய நேரமும் எழுதிய சீட்டைக் கையில் கொடுத்தோம்.

சண்டை நின்றது. அப்புறம், அட்டைகளை எண்ணியதில் 41, 42தான் அதிகம் தேவை என்று தெரிந்தது. நன்கொடையாளர்களுக்கு அதையே எழுதிப் போட்டோம்; குதிகால் உயர்ந்த செருப்பு வேண்டவே வேண்டாம் என்றும்.