ஜோபர்க் டைமிங் டர்பனில் தட்டும்

மருமகனே, காவடிக்கு ஜோகன்னஸ்பர்க் லெனேஷியாவிலிருந்து உன் ஃபோக்ஸ்வாகன் பீட்டில் காரிலேயே வருகிறாயாமே. தாராளமாக வா. ஆனால் அங்கே வைத்த டைமிங்கோடு (எஞ்சினில் பொறி விழும் நேரம்) டர்பன் சாட்ஸ்வொர்த் வந்தால் மேட்டில் எஞ்சின் கிணுகிணு என்று தட்டும்.

ஜோகன்னஸ்பர்க் ஏறக்குறைய 1,750 மீட்டர் உயரம். காற்று லேசு, சிலிண்டருக்குள் அழுத்தமும் குறைவு. பொறி சற்று முந்தி விழுந்தாலும், 93 ஆக்டேன் பெட்ரோலே ஊற்றினாலும், எஞ்சின் பொறுத்துக்கொள்ளும். கடலோரத்தில் காற்று அடர்த்தி. அதே அட்வான்ஸ், அதாவது பொறி முந்தும் அளவு, இங்கே பிஸ்டனைத் தின்றுவிடும். இறங்கும்போதே 95 போட்டுக்கொள்.

முதலில் பாயிண்ட் (சிலிண்டர்களுக்குப் பொறியைப் பகிரும் டிஸ்டிரிபியூட்டருக்குள் திறந்து மூடும் தொடுமுனை), பிறகுதான் டைமிங். பாயிண்டைத் திறக்கும் ஃபைபர் கட்டை தேயத் தேய இடைவெளி சுருங்கி, டைமிங் பின்னால் போகும். டைமிங் வைத்த பிறகு பாயிண்டைத் தொட்டால் வேலை மறுபடி முதலிலிருந்து. இடைவெளி, ஃபீலர் கேஜ் தகட்டில் 0.4 மில்லிமீட்டர். புது பாயிண்ட் என்றால் ஃபைபர் உரசும் கேம் மேல் துளி கிரீஸ், துளிதான்.

உன் டிஸ்டிரிபியூட்டர் 009 ரகம், வாக்குவத்தால் அட்வான்ஸ் ஏற்றாதது. (எனக்கு அது பிடிக்காது, ஆக்சிலரேட்டரை மிதித்த உடனே ஒரு தயக்கம் வரும். போகட்டும்.) அதற்கு முக்கியமான கணக்கு ஐடிலில் இல்லை, 3,500 ஆர்பிஎம்மில் இருக்கிறது. அந்த வேகத்தில்தான் உள்ளே அட்வான்ஸ் கொடுக்கும் எடைகள் முழுக்க விரியும்.

கிராங்க் முனையில் டிகிரி போட்ட புல்லி இல்லையென்றால், புல்லியைச் சுற்றி ஒரு காகிதப் பட்டையை ஒட்டி, சுற்றளவை வெட்டி எடு. அதைப் பன்னிரண்டாக மடித்தால் ஒரு மடிப்பு 30 டிகிரி. டாப் டெட் சென்டர் குறி (முதல் சிலிண்டர் பிஸ்டன் உச்சியில் நிற்கும் இடம்) கிராங்க்கேஸ் தையலுக்கு, அதாவது எஞ்சின் உறையின் இரு பாதியும் சேரும் கோட்டுக்கு, நேரே நிற்கும்போது, அதற்கு வலப்பக்கம் அந்த நீளத்தில் வெள்ளைக் கோடு போடு.

எஞ்சின் சூடானதும் பொறி விழும்போதெல்லாம் மின்னும் டைமிங் லைட்டை முதல் சிலிண்டர் வயரில் மாட்டி, புல்லி மேல் அடி. சட்டைக் கையை மடித்துவிடு, ஃபேன் பெல்ட் பக்கத்திலேயே ஓடுகிறது. கார்புரேட்டர் லீவரைக் கையாலேயே தள்ளி 3,500க்கு ஏற்று. டிஸ்டிரிபியூட்டரைப் பிடித்திருக்கும் கிளாம்பைத் தளர்த்தி, அதை மெல்லத் திருப்பு: உள்ளே சுழலும் ரோட்டார் வலஞ்சுழி, ஆகவே இடஞ்சுழியாகத் திருப்பினால் அட்வான்ஸ், வலஞ்சுழி என்றால் ரிடார்டு, பொறி பிந்தும். வெள்ளைக் கோடு தையலுக்கு நேரே தெரிந்தால் 30 டிகிரி அட்வான்ஸ். அங்கே 32 வைத்திருப்பாய். இங்கே நான் 28க்கு மேல் விடமாட்டேன், கோடு தையலுக்குத் துளி வலப்பக்கம் நிற்கும். கிளாம்பை இறுக்கிவிட்டு மறுபடி லைட் அடித்துப் பார், இறுக்கும்போதே நகர்ந்துவிடும்.

அப்புறம் பைன்டவுன் தாண்டி ஃபீல்ட்ஸ் ஹில் மேட்டில் மூன்றாம் கியரில், ஜன்னலை இறக்கிவிட்டு, அழுத்தி ஏறு. சத்தம் வந்தால் இன்னும் 2 டிகிரி குறை. வரவில்லை என்றாலும் ஆசைப்பட்டு ஏற்றாதே. பீட்டிலில் தட்டும் சத்தத்தை ஃபேன் இரைச்சல் விழுங்கிவிடும்.

கிராங்கில் 4 டிகிரி என்றால் டிஸ்டிரிபியூட்டர் திரும்புவது 2 டிகிரிதான். கண்ணுக்கே தெரியாது. அதனால் 32, 28 இரண்டு நிலைக்கும் டிஸ்டிரிபியூட்டர் கழுத்தில் ஊசியால் மெல்லிய கீறல் போட்டுவிடு. திரும்பிப் போனதும் 32இன் கீறலுக்கு வைத்து, லைட்டில் ஒருமுறை சரிபார்த்தால் போதும்.