உங்கள் செஸ் டோர்னமென்ட் ஆட்டத்தை நீங்களே அலசுவது எப்படி: என்ஜினைக் கடைசியில் திறங்கள்

ஆட்டம் முடிந்த அன்றைக்கே, மூவ்களை எழுதிய ஸ்கோர்ஷீட்டை எடுத்து வைத்து, எந்த இடத்தில் என்ன நினைத்தீர்கள் என்று எழுதிவிடுங்கள். "இங்கே குதிரையை வெட்டலாமா என்று யோசித்தேன், ராஜா திறந்துவிடுமோ என்று விட்டுவிட்டேன்" என்ற அளவுக்கு இருந்தால் போதும். நாலு நாள் போனால் இது நினைவில் நிற்காது, அப்புறம் எந்த மென்பொருளாலும் மீட்டுத் தர முடியாது. அடுத்த ஆட்டத்திலிருந்து கடிகாரத்தில் மிச்சமிருக்கும் நேரத்தையும் அவ்வப்போது ஸ்கோர்ஷீட்டில் குறித்துக்கொண்டு வாருங்கள், உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடேயின் விதி அதை அனுமதிக்கிறது.

பிறகு லிசெஸ் என்ற இலவச செஸ் தளத்தின் ஸ்டடி பகுதியில் மூவ்களை ஏற்றி, என்ஜினை (மூவ்களைக் கணக்கிட்டுச் சொல்லும் மென்பொருளை) அணைத்துவிட்டு, உங்கள் குறிப்புகளை அந்தந்த மூவுக்குக் கீழே போடுங்கள். காசு கொடுத்து வாங்கும் செயலிகள் நிறைய இருக்கின்றன, தொடங்குகிறவருக்கு ஒன்றும் தேவையில்லை. நிஜப் பலகை இருந்தால் அதில் ஒருமுறை ஆடிப் பார்ப்பது இன்னும் நல்லது.

ஓப்பனிங்கில், அதாவது ஆட்டத்தின் தொடக்க மூவ்களில், அதிக நேரம் செலவிடாதீர்கள். எந்த மூவில் உங்களுக்குத் தெரிந்தது தீர்ந்தது என்று மட்டும் பார்த்து, அந்த ஒரு மூவைக் கற்றுக்கொண்டால் சரி.

இப்போது என்ஜினைத் திறக்கலாம், லிசெஸில் இருப்பது ஸ்டாக்ஃபிஷ். நான் வெகுகாலம் தேங்கி நின்ற இடம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். என் ஆட்டம் ஒன்றில் யானையை ஏழாம் வரிசைக்கு ஏற்றினேன். பார்க்க அழகான மூவ், ஆனால் யார் கை ஓங்கியிருக்கிறது என்று என்ஜின் காட்டும் மதிப்பெண் சரிந்தது. அதற்குப் பதிலாக ராஜாவுக்கு முன்னால் இருக்கும் ஓரத்துச் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளச் சொன்னது என்ஜின். ஏன் என்று சொல்லாது. என் யானை மூவுக்குப் பிறகு அது காட்டிய தொடரில் எதிராளி என் சிப்பாய் ஒன்றை வெட்டுகிறார், நான் பதிலுக்கு வெட்டாமல் வேறெதையோ நகர்த்துகிறேன். இங்கே நிறுத்தி, உங்கள் கை தானாக எந்த மூவை ஆடுமோ அதைப் பலகையில் ஆடிப் பாருங்கள். நான் ராணியால் அந்தச் சிப்பாய்க்குப் பதில் வெட்டினேன், முதல் வரிசைக் காவல் போய்விட்டது, எதிராளியின் யானை உள்ளே இறங்கி செக்மேட். அந்த ஓரத்துச் சிப்பாயைத் தள்ளியிருந்தால் ராஜா தப்ப ஒரு கட்டம் இருந்திருக்கும். என்ஜின் இரண்டு பக்கத்துக்கும் நல்ல மூவையே ஆடுவதால், நடக்காமல் தடுக்கப்பட்ட ஆபத்து அதன் தொடரில் தெரியவே தெரியாது. அதை நீங்கள்தான் தவறான மூவை வேண்டுமென்றே ஆடி வெளியே இழுக்க வேண்டும். கம்ப்யூட்டரில் லிசெஸ் திறந்திருந்தால் எக்ஸ் விசையை அழுத்துங்கள், எதிராளி அடுத்து என்ன செய்யக் காத்திருக்கிறார் என்று காட்டும்.

கிடைத்த பதிலை உங்கள் பழைய குறிப்புக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள்: "முதல் வரிசையை யார் காக்கிறார் என்று பார்க்கவில்லை." ஆட்டத்துக்குத் தளம் போடும் துல்லியச் சதவீதத்தை நான் பொருட்படுத்துவதே இல்லை, எதிராளி எளிதாக விட்டுக்கொடுத்த ஆட்டத்திலும் அது உயரமாகத்தான் இருக்கும்.

பலகையில் ராஜாக்களையும் சேர்த்து ஏழு காய்கள் அல்லது அதற்குக் கீழே வந்துவிட்டால் மதிப்பெண்ணை விட்டுவிட்டு, முடிவை முன்கூட்டியே கணக்கிட்டு வைத்திருக்கும் தொகுப்பான டேபிள்பேஸைப் பாருங்கள். வெற்றியா டிராவா என்று உறுதியாகச் சொல்லும்.

பிற்சேர்க்கை: ஏற்றும்போது நடுவில் ஒரு மூவ் ஏறவே மாட்டேன் என்கிறது என்று சிலர் கேட்டிருந்தீர்கள். பெரும்பாலும் சிக்கல் அந்த மூவில் இருக்காது, சில மூவ்களுக்கு முன்னால் இருக்கும். ஒரே கட்டத்துக்குப் போகக்கூடிய இரண்டு குதிரைகளில் எது போனது என்று எழுதாமல் விட்டிருப்பீர்கள், அல்லது ஒரு மூவே விடுபட்டிருக்கும். எதிராளியின் ஸ்கோர்ஷீட்டையும் அன்றைக்கே கேட்டுப் படம் எடுத்து வைத்துக்கொண்டால் இரண்டையும் ஒப்பிட்டு நிமிடத்தில் சரிசெய்யலாம்.