பெருநிலவறை ஆட்டம்: நடத்துநர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நடத்துநர் ஒருவர் கற்பனை உலகை விவரிக்க, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக முடிவெடுத்து ஆடும் டி அண்ட் டி (டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்) போன்ற கதாபாத்திர ஆட்டங்களை நடத்தத் தொடங்கிய எவருக்கும் ஒரு கட்டத்தில் மெகாடஞ்சன், அதாவது பெருநிலவறை, ஆசை வந்துவிடும். தளத்துக்குக் கீழ் தளமாக இறங்கிக்கொண்டே போகும் ஒரே நிலவறை, அதற்குள் மாதக்கணக்கில் நீளும் ஒரே தொடர் ஆட்டம் (கேம்பைன்) என்ற எண்ணம் எளிதில் மனத்தை விட்டுப் போகாது. போகவும் வேண்டியதில்லை, இந்த ஆட்டவகையே அத்தகைய நிலவறைகளில்தான் பிறந்தது. டி அண்ட் டியை உருவாக்கிய இருவரில் டேவ் ஆர்னெசன் தம் கற்பனையின் பிளாக்மூர் கோட்டைக்கு அடியிலும், கேரி கைகாக்ஸ் கிரேஹாக் கோட்டைக்கு அடியிலும் தம் நண்பர்களை இறக்கிவிட்டுப் பார்த்த பிறகே 1974இல் முதல் விதிநூல் அச்சேறியது. ஆயினும் புதுச்சேரியிலும் கடலூரிலும் விடுமுறை நாள்களில் பகடையோடு கூடும் குழுக்களில் நான் கண்டவரை, பெருநிலவறைகள் பெரும்பாலும் இரண்டாம் தளத்தை எட்டுமுன்பே கைவிடப்படுகின்றன. நடத்துநர் அளவைக் கூட்டுவதிலேயே உழைப்பைச் செலவிட்டு, அந்த அளவு ஆட்டக்காரர்களின் முடிவுகளை எப்படி மாற்றுகிறது என்று யோசிக்காமல் விடுவதே இதற்குக் காரணம்.

ஆட்டம் தொடங்குமுன் எல்லாத் தளங்களையும் எழுதி முடிக்க முயல்வது பலரும் செய்யும் பிழை. மூன்று மணி நேர அமர்வில் ஒரு குழு பத்து அறைகளைக் கடந்தால் அதை வேகமான குழு என்பேன். அப்படியிருக்க, பதினைந்தாம் தளத்துக்காக நிரப்பிய கிராஃப் தாள்களை யார் பார்க்கப்போகிறார்கள்? நல்ல நிலவறைக்குப் பன்னிரண்டு தளங்களாவது வேண்டும் என்று 1974 விதிநூல் சொல்வதைப் பலர் நினைவில் வைத்திருக்கிறார்கள். ஆட்டக்காரர்களுக்குச் சலிப்பு வராதபடி புதிய தளங்கள் உருவாகிக்கொண்டே இருக்க வேண்டும் என்று அதே இடத்தில் அது சொல்வதை மறந்துவிடுகிறார்கள். முதல் தளத்தை முழுமையாகவும் இரண்டாவதைப் பாதியளவும் எழுதி, கீழே உள்ளவற்றுக்குத் தளத்துக்கு ஒரு பத்தி குறித்துக்கொண்டால் தாராளமாகத் தொடங்கிவிடலாம். குழு எந்த வதந்தியின் பின்னால் போகிறது என்று தெரிந்தபின் எழுதும் மூன்றாம் தளம், முன்கூட்டி எழுதியதைவிட நிச்சயம் நன்றாக அமையும்.

இதைவிடவும் பெரிய கேடு ஒற்றைவழி அமைப்பு. ஒரே வாசல், ஒரே படிக்கட்டு, ஒன்றன்பின் ஒன்றாக அறைகள் என்று வரைந்தால், அறைகள் முந்நூறு ஆனாலும் ஆட்டக்காரர்கள் செய்ய வேண்டியது அடுத்த கதவைத் திறப்பது மட்டுமே. ஜெனல் ஜாக்வேஸ் எழுதி 1979இல் வெளியான த்ரேசியா குகைகள் என்ற ஆயத்த நிலவறை நூலைப் பற்றி ஆட்ட நடத்துநர்கள் இன்றும் பேசுவதற்குக் காரணம், அதில் வாசல்கள் பல, தளங்களை இணைக்கும் வழிகள் பல, சுற்றி வந்து தொடங்கிய இடத்தையே வேறு பக்கத்திலிருந்து அடையும் பாதைகள் பல என்பதுதான்.

இப்படிப்பட்ட அமைப்புக்கு நம் ஊரிலேயே சிறந்த முன்மாதிரி இருக்கிறது. கடலூரின் தேவனாம்பட்டினத்தில் கெடிலம் ஆற்றங்கரையில் புனித டேவிட் கோட்டையின் சிதைவுகள் உள்ளன. 1690இல் ஆங்கிலேயக் கம்பெனி மராத்தியரிடமிருந்து விலைக்கு வாங்கிய அக்கோட்டையை, 1758இல் லாலியின் பிரெஞ்சுப் படை கைப்பற்றி இடித்தது. கோட்டையின் வெளிச்சரிவுக்கு அடியில் அதைச் சுற்றிலும் ஒரு சுரங்கப்பாதை ஓடியதாகவும், அதிலிருந்து இடைவெளி விட்டு விட்டுச் செங்கோணத்தில் பிரிந்த கிளைகள் வெடிமருந்து அறைகளில் முடிந்ததாகவும், தென்கிழக்கு மூலையில் அப்பாதை கடலோரம் வரை இறங்கியதாகவும் பழைய கெசட்டியர் குறிப்புகள் கூறுகின்றன. இதை அப்படியே கற்பனை உலகுக்குள் கொண்டுபோங்கள். வளையப்பாதை இருப்பதால் துரத்தப்படும் குழு எதிர்த்திசையில் ஓடலாம். துரத்துபவர்களும் பிரிந்து வந்து இருபுறமும் மடக்கலாம். கடலோர வாயில் ஒரு வழி, இடிந்த கிளை ஒன்று ஆற்றங்கரையில் திறந்துகிடப்பது இன்னொரு வழி, கோட்டைக்குள் தூர்ந்த கிணறு மூன்றாவது. எந்தக் கிளையின் முடிவில் ஈரம் படாத வெடிமருந்து மிச்சமிருக்கிறதோ, அங்கே தீப்பந்தத்தோடு நுழையலாமா என்ற கேள்வியே ஒரு மாலைப் பொழுதுக்குப் போதும். இவ்வளவுக்கும் அரக்கன் ஒருவனைக்கூட நாம் இன்னும் வைக்கவில்லை.

அரக்கர்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும்: ஒவ்வோர் அறையிலும் ஒன்றை நிறுத்தாதீர்கள். 1981ஆம் ஆண்டின் அடிப்படை விதிநூலில் அறையை நிரப்ப உருட்டும் ஆறுமுகப் பகடையில் ஐந்தோ ஆறோ விழுந்தால் அறை காலி. வெற்றறை இல்லாவிட்டால் ஒளிந்துகொள்ளவோ, கதவை அடைத்துக் காயத்துக்குக் கட்டுப் போடவோ, பொறி வைத்துக் காத்திருக்கவோ இடமே இராது.

பழைய விதிகளில் நிலவறைக் காலம் பத்து நிமிட டர்ன்களாக எண்ணப்படும். ஒரு தீப்பந்தம் ஆறு டர்ன்களுக்கு எரியும். அலையும் அரக்கர்கள் எதிர்ப்படுகிறார்களா என்று அவ்வப்போது பகடை உருட்டப்படும். இந்தக் கணக்கு தொல்லை என்று விட்டுவிடுபவர்கள் பெருநிலவறையின் உயிர்நாடியையே அறுத்துவிடுகிறார்கள் என்பது என் உறுதியான கருத்து. கையில் ஒரே தீப்பந்தம் மிச்சம், தெரிந்த வழியில் திரும்ப எட்டு டர்ன் ஆகும், இடப்பக்கக் கிளையிலிருந்து உப்புக்காற்று வருகிறது என்ற நிலையில் மேசையைச் சுற்றி எழும் விவாதத்தை எந்தச் சண்டைக்காட்சியும் தந்துவிடாது. கணக்கில்லாவிட்டால் தொலைவுக்கு விலையில்லை.

பாத்திரங்களை வலுவாக்கும் அனுபவப் புள்ளிகளை எதற்காகத் தருகிறோம் என்பதும் இதோடு சேர்ந்தது. பழைய விதிகளில் வெளியே கொண்டுவந்த புதையலுக்கே அனுபவப் புள்ளிகள் பெரும்பகுதி கிடைத்ததால், சண்டையைத் தவிர்ப்பது அறிவுடைமையாக இருந்தது. கொன்றால் மட்டுமே புள்ளி என்றால், பெருநிலவறை ஓயாத வெட்டுக்குத்தாகிச் சலித்துப்போகும். புதையலும் நாணயமாகவே இருக்க வேண்டியதில்லை. அரிக்கமேட்டில் 1945இல் மார்ட்டிமர் வீலர் தலைமையில் நடந்த அகழாய்வில் ரோமானிய மதுச்சாடிகளின் துண்டுகள் கிடைத்தன; உடையாத சாடி ஒன்றை இருவர் சுமந்து குறுகலான படியேறும்போது வாள் பிடிக்கக் கை ஏது?

உள்ளே வாழ்பவர்களுக்கும் நோக்கங்கள் இருக்கட்டும். வளையப்பாதையின் வடபாதி ஒரு கூட்டத்திடமும் தென்பாதி இன்னொன்றிடமும் இருந்து, இரண்டும் கிணற்று நீருக்குப் போட்டியிட்டால், குழு பேரம் பேசவும் காட்டிக்கொடுக்கவும் வழி பிறக்கும். குழு ஒரு கூட்டத்தை அழித்துவிட்டுப் போனால், அடுத்த முறை அந்த இடத்தை மற்றது பிடித்திருக்க வேண்டும். ஒன்றில் மட்டும் கவனம் தேவை: உள்ளூர்ச் சாயலுக்காக மக்கள் இன்றும் வழிபடும் இடங்களையோ, உண்மையான சமூகங்களையோ எடுத்து அரக்கர்களின் இருப்பிடமாகவும் அரக்கர்களாகவும் ஆக்கக் கூடாது.

கடைசியாக, அமர்வை நிலவறையின் நடுவில் நிறுத்தும் பழக்கம். அடுத்த வாரம் ஒருவருக்கு சிப்காட்டில் இரவு ஷிஃப்ட், இன்னொருவருக்குச் செமஸ்டர் தேர்வு என்றால், நான்காம் தளத்தில் நிற்கும் அவர்களின் கதாபாத்திரங்களை என்ன செய்வது? ஒவ்வோர் அமர்வும் மேலே ஊரில் தொடங்கி, முடியும்போது ஊர் திரும்பிவிட வேண்டும் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். வந்தவர்களைக் கொண்டு ஆடலாம், வராதவரின் பாத்திரம் ஊரில் தங்கிவிடும். அந்த ஊரையும் பெரிதாக எழுத வேண்டாம். புனித டேவிட் கோட்டையோடு, அதன் பீரங்கிக் குண்டு எட்டும் தொலைவுக்குள் இருந்த கிராமங்களும் கம்பெனிக்கு விற்கப்பட்டன. உங்கள் ஆட்டத்தின் மேலுலகுக்கும் அவ்வளவு நிலம், ஒரு சந்தை, ஒரு வைத்தியர், விளக்கெண்ணெயும் கயிறும் விற்கும் ஒரு கடை ஆகியவை முதல் சில மாதங்களுக்குப் போதுமானவை.