பாண்டித் தெருவுக்கு ஒரு சைக்கிள்: கட்டும்போது எங்கெல்லாம் தவறுகிறோம்

அப்பா ரோடியர் மில்லுக்கு ஓட்டிப்போன 22 இஞ்ச் பிரேம் சைக்கிள், எங்கள் வீட்டுக் கொல்லைச் சுவரில் சாய்ந்தபடி பல வருடம் கிடந்தது. பழைய இரும்புக்குப் போட மனம் வரவில்லை. ஒரு கோடையில் அதை முழுக்கப் பிரித்து மறுபடி கட்டினேன். இன்றும் அரியாங்குப்பத்திலிருந்து டவுனுக்கு அதில்தான் போய்வருகிறேன். ஆனால் கட்டி முடிப்பதற்குள் பாதிப் பொருள்களை இரண்டு முறை வாங்கவேண்டி வந்தது. இப்போது அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் பழைய சைக்கிளைத் தூக்கிக்கொண்டு வந்து யோசனை கேட்கிறார்கள். நான் தடுக்கி விழுந்த அதே இடங்களில்தான் அவர்களும் விழுகிறார்கள். அந்த இடங்களை இங்கே சொல்லிவிடுகிறேன்.

வருகிறவர்கள் முதலில் காட்டுவது கைபேசியில் ஒரு படம். மெல்லிய டயர், வளைந்த ஹேண்டில்பார், மட்கார்டு இல்லை, கேரியர் இல்லை. கடற்கரைச் சாலையில் காந்தி சிலைக்கு முன்னால் நிறுத்தினால் அழகாகத்தான் இருக்கும். முதல் தவறு அந்தப் படத்திலிருந்து தொடங்குவது. வாரத்தில் உங்களுக்கு மிகவும் கஷ்டமான பயணம் எதுவோ அதிலிருந்து தொடங்குங்கள். எனக்கு அது ஐப்பசி மழையில், பெரிய மார்க்கெட்டில் வாங்கிய காய்கறிப் பையோடு, விளக்கு வைக்கிற நேரத்தில் அரியாங்குப்பம் பாலம் ஏறுவது. அந்த ஒரு பயணத்துக்கு ஏற்றபடி கட்டிவிட்டால் மற்ற நாளெல்லாம் சைக்கிள் தானாக ஓடும். படத்துக்காகக் கட்டிய சைக்கிள் ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே வரும்.

அளக்காமல் வாங்குவது

பணம் அதிகம் வீணாவது இங்கேதான். அப்பாவின் சைக்கிளுக்கு '28' என்று கேட்டு ஒரு ஜோடி டயர் வாங்கி வந்தேன். கடைக்காரர் நெம்புகோல் போட்டு ஒரு மணி நேரம் போராடினார். டியூப் இரண்டு இடத்தில் கிழிந்தது, டயர் ஏறவில்லை. ஏறவே ஏறாது என்று அப்புறம்தான் தெரிந்தது. இஞ்ச் அளவை நம்பக் கூடாது. டயரின் பக்கவாட்டில் 37-590 என்பது போல இரண்டு எண்கள் இருக்கும். முதல் எண் டயரின் அகலம். கடைசி மூன்று இலக்கம், டயர் ரிம்மில் உட்காரும் இடத்தின் விட்டம், மில்லிமீட்டரில். நம் பழைய சைக்கிளின் 28 x 1½ டயருக்கு அது 635. இப்போது 700சி என்று விற்கும் டயரையும் சிலர் 28 என்றுதான் சொல்கிறார்கள். அதற்கு 622. 13 மில்லிமீட்டர் வித்தியாசத்தை எந்த நெம்புகோலும் ஈடுகட்டாது.

26 இஞ்ச் இன்னும் மோசம். தடித்த மலை சைக்கிள் டயர் 26 x 1.75 என்றால் 559. லேடீஸ் சைக்கிளில் வரும் 26 x 1⅜ என்றால் 590. 26 x 1½ என்றால் 584. மூன்றுக்கும் பெயர் 26தான், ஒன்றுக்கொன்று மாற்றிப் போட முடியாது. கடைக்குப் போகும்முன் பழைய டயரைத் துடைத்து அந்த மூன்று இலக்கத்தை எழுதிக்கொண்டு போங்கள்.

டயரோடு முடியவில்லை. பழைய பெரிய சைக்கிள்களில் முன்சக்கரத்துக்கு 32 போக்ஸ் கம்பி, பின்சக்கரத்துக்கு 40. பளபளப்பான அலுமினிய ரிம்மை ஆசையாக வாங்கி வந்து பார்த்தால் அதில் 36 துளை இருக்கும். அப்போது ஹப்பையும், அதாவது கம்பிகள் மாட்டியிருக்கும் சக்கரத்தின் நடு உருளையையும், மாற்றவேண்டும். புது ஹப் வாங்கினால் அதன் அகலம் பிரேமோடு ஒத்துப்போகாது. பழைய பிரேமின் பின்பக்க இடைவெளி 110 மி.மீ. அளவில் இருக்கும், கியர் வைத்த ஹப்புகள் 130, 135 என்று வரும். இரும்பு பிரேமைக் கொஞ்சம் விரிக்கலாம்தான். ஆனால் பட்டறையில் ஒரு பக்கத்தை மட்டும் நெம்பி விரித்துவிட்டால் சக்கரம் நேர்கோட்டில் நிற்காது, கையை விட்டு ஓட்டினால் சைக்கிள் ஒரு பக்கம் இழுக்கும். விரிப்பதாக இருந்தால் இரண்டு பக்கமும் சமமாக, சில மில்லிமீட்டர் மட்டும். விரித்த பின் பிரேமின் முன்தலையிலிருந்து பின்பக்கம் வரை நூல் கட்டி, நடுக்குழாயிலிருந்து இரண்டு பக்க இடைவெளியையும் அளந்து பாருங்கள். அலுமினிய பிரேமை விரிக்கவே கூடாது, விரிசல் விடும்.

முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் போர்க்கை மாற்றுகிறவர்களும் இதே போலத்தான். பழைய பிரேமில் போர்க்கின் தண்டு 25.4 மி.மீ., மரை போட்டது. இப்போது கிடைக்கும் பெரும்பாலான போர்க்குகளில் 28.6. உள்ளேயே நுழையாது.

அப்புறம் இடது பெடல். அதற்கு மரை எதிர்ப்பக்கம். அதைத் தெரியாமல் வலது பெடல் போலவே முறுக்கி, பெடல் மாட்டும் கையான கிராங்கின் மரையைத் தின்னவைத்த சைக்கிளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். வலது பெடல் வலப்பக்கம் சுற்றினால் இறுகும், இடது பெடல் இடப்பக்கம் சுற்றினால் இறுகும். விரலாலேயே மூன்று நான்கு சுற்று ஏற்றிவிட்டு அப்புறம்தான் ஸ்பானரைத் தொடவேண்டும்.

ரிம்முக்குப் பொருந்தாத பிரேக்

இதில் உயிர் சம்பந்தப்பட்டிருக்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஒயருக்குப் பதில் இரும்புக் கம்பிகளால் இழுக்கும் பழைய ராடு பிரேக்கில் பிரேக் கட்டை ரிம்மின் உள்முகத்தை, அதாவது அச்சைப் பார்த்திருக்கும் பக்கத்தை, மேல்நோக்கி இழுத்து அழுத்தும். அந்த ரிம்மின் பக்கவாட்டு உருண்டையாக இருக்கும். ஒயர் பிரேக் அழுத்துவதோ பக்கவாட்டை. ராடைக் கழற்றி எறிந்துவிட்டு அதே ரிம்மில் ஒயர் பிரேக் மாட்டினால், கட்டை பிடிக்கத் தட்டையான இடமே கிடையாது. மெதுவாகப் போகும்போது நிற்பது போலத் தெரியும். வேகமாக வரும்போது நெல்லித்தோப்பு சிக்னலில் பேருந்து திரும்பினால் நிற்காது. ஒயர் பிரேக் வேண்டுமென்றால் பக்கவாட்டுத் தட்டையான ரிம்மும் சேர்த்து மாற்றுங்கள். இல்லையென்றால் ராடு பிரேக்கையே நன்றாகச் சரிசெய்து வைத்துக்கொள்ளுங்கள். அது ஒன்றும் மட்டமான பிரேக் இல்லை.

அந்த ரிம் மாற்றும் நேரத்தில் அலுமினியமாகப் போட்டுவிடுங்கள். குரோம் பூசிய இரும்பு ரிம் நனைந்தால் பிரேக் பிடிப்பு மிகவும் குறைந்துவிடும். வடகிழக்குப் பருவமழை அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை நம்மை விடாது. அந்த மூன்று மாதமும் நனைந்த ரிம்மோடுதான் ஓட்டப்போகிறோம். 635 ரிம்மிலிருந்து 622க்கு மாறுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். ரிம் சிறிதாவதால் பிரேக் கட்டை ஆறரை மில்லிமீட்டர் கீழே இறங்கவேண்டும். கை நீளமான பிரேக்காகக் கேட்டு வாங்குங்கள்.

பிரேக்கே இல்லாமல், மிதிக்காதபோதும் சக்கரத்தைச் சுற்றவிடும் ஃப்ரீவீலை (பின்பக்கப் பல்சக்கரம்) எடுத்துவிட்டுப் பெடலோடு சக்கரமும் சுற்றும்படி 'ஃபிக்சி' கட்டுகிற பழக்கம் பிள்ளைகளிடம் வந்திருக்கிறது. கட்டட்டும், ஆனால் முன்சக்கரத்துக்கு ஒரு பிரேக் கட்டாயம் வேண்டும். செயின் கழன்றால் அந்த நொடியில் காலால் நிறுத்தும் வழியும் போய்விடும். நேரு வீதி மாதிரி நெரிசலில் இதை யார் கேட்டாலும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

பாண்டி தட்டைதானே என்று நினைப்பது

ஊர் தட்டை என்று நினைத்துப் பெரிய செயின்வீலும் (பெடல் பக்கப் பல்சக்கரம்) சின்ன ஃப்ரீவீலும் போடுகிறார்கள். கோரிமேடு என்ற பெயரிலேயே மேடு இருக்கிறது. டவுனிலிருந்து ஜிப்மர் வரை மிதித்துப் பார்த்தவர்களுக்கு அது தெரியும். அதைவிடப் பெரிய மேடு காற்று. கோடையில் மதியத்துக்கு மேல் தென்கிழக்கிலிருந்து கடற்காற்று ஏறும். மாலையில் கடலூர் சாலையில் தெற்கே போகிறவர்களுக்கு அது பாதி முகத்தில் அடிக்கும். ஏற்றமாவது ஒரு இடத்தில் முடியும், எதிர்க்காற்று வீடு வரை கூட வரும்.

கணக்கு எளிது. முன்னால் 44 பல், பின்னால் 18 பல் என்றால் ஒரு முழு மிதிக்குப் பின்சக்கரம் ஏறக்குறைய 2.44 சுற்று சுற்றும். 28 இஞ்ச் சக்கரத்துக்கு ஒரு சுற்று சுமார் 2.2 மீட்டர். ஆக ஒரு மிதிக்கு 5.4 மீட்டர். பின்னால் 20 பல்லுக்கு மாற்றினால் அது 4.8 மீட்டர் ஆகும், முட்டியில் ஏறும் பாரம் பத்தில் ஒரு பங்கு குறையும். ஃப்ரீவீல் விலை குறைவு, சுமை ஏற்றுகிறவர்கள் முதலில் மாற்றவேண்டியது அதைத்தான். இரண்டு பல் கூடினால் பின்சக்கரத்தை அச்சு உட்காரும் காடியில் 6 மி.மீ. போல முன்னே தள்ளவேண்டி வரும். இடம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் செயினை நீளமாக்க வேண்டும். செயினின் நடுவில் விரலால் அழுத்தினால் ஒரு சென்டிமீட்டர் அசைவு இருக்கட்டும். கிண்ணென்று இழுத்துக் கட்டினால் ஹப்பின் பால்ரஸ் (உள்ளே உருளும் குண்டுகள்) சீக்கிரம் போய்விடும்.

உப்பை மறப்பது

மதுரையில் கட்டிய சைக்கிளும் பாண்டியில் கட்டிய சைக்கிளும் ஒன்றல்ல. கடலிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் வீடு இருந்தால் சைக்கிளின் மேல் தினமும் உப்பு படிகிறது. கடலூரில் தேவனாம்பட்டினம், பாண்டியில் வைத்திக்குப்பம் பக்கம் உள்ளவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம்.

மேலே பூச்சு அடித்தால் போதும் என்று நினைப்பது இங்கே பெரிய தவறு. துரு குழாயின் உள்ளேயிருந்துதான் தின்னும். சீட் கம்பி நுழையும் துளை வழியாக மழைநீர் இறங்கி, பெடல் அச்சு இருக்கும் பெட்டியில் தேங்கும். பிரித்துப் போட்டிருக்கும்போதே குழாய்களின் உள்ளே கெட்டியான எண்ணெய் ஊற்றி, எல்லாப் பக்கமும் சுழற்றி வடியவிடுங்கள். அந்தப் பெட்டியின் அடியில் நீர் வடிய ஒரு சின்னத் துளை இருந்தால் அதை அடைக்காதீர்கள். அலுமினிய சீட் கம்பியைக் கிரீஸ் தடவாமல் இரும்பு பிரேமில் நுழைக்கவே கூடாது. உப்பு ஈரத்தில் அலுமினியம் அரித்து, வெள்ளைப் பொடியாக உப்பிக் குழாயோடு இறுகிக்கொள்ளும். இரண்டு வருடம் கழித்து உயரத்தைக் கூட்டலாம் என்று பார்த்தால் அசையாது. வருடத்துக்கு இரண்டு முறை கழற்றி, துடைத்து, புதுக் கிரீஸ் வைத்தால் அந்தத் தொல்லை வராது.

பவுடர் கோட்டிங் நல்லதுதான். என் பிரேமைக் கொடுத்த இடத்தில் மரைகளை மூடாமல் அடித்துவிட்டார்கள். ஏறக்குறைய 200 டிகிரி சூட்டில் வெந்த பூச்சு அது. மரையைச் சுத்தம் செய்து எடுக்க ஒரு நாள் முழுக்கப் போனது. கொடுக்கும்முன் பால்ரஸ் உட்காரும் கப்புகளையெல்லாம் கழற்றிவிட்டு, மரை உள்ள இடங்களை மூடச் சொல்லி, கூடவே நின்று பாருங்கள். பிரேம் எண்ணையும் ஒரு தாளில் எழுதிப் படம் எடுத்து வையுங்கள். பூச்சு அதை மூடிவிட்டால், சைக்கிள் களவு போனபின் போலீசில் சொல்ல உங்களிடம் எதுவும் இருக்காது.

செயினுக்குத் தேங்காய் எண்ணெய் விடாதீர்கள், பிசினாகும். வண்டியிலிருந்து வடித்த பழைய என்ஜின் ஆயிலும் வேண்டாம், அதில் இரும்புத் தூள் இருக்கும். மண்ணெண்ணெயில் கழுவி, காயவைத்து, ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு மெல்லிய எண்ணெய், மேலே மிஞ்சியதைத் துணியால் துடைத்துவிடுங்கள். மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை.

மட்கார்டையும் செயின் கவரையும் கழற்றுகிறவர்கள் முதல் மழையில் முதுகெல்லாம் சேறாக வருவார்கள். வேட்டி, சேலை, சுடிதார் கட்டி ஓட்டுகிறவர்களுக்குச் செயின் கவர் அவசியம், துணி பின்சக்கரத்தில் சிக்காமல் தடுக்கும் டிரஸ் கார்டும் அவசியம். வெறும் அழகுக்காக இவற்றைக் கழற்றச் சொல்லும் யோசனையைக் கேட்காதீர்கள்.

உட்காரும் விதம்

டவுனில் கால் ஊன்ற வேண்டுமே என்று சீட்டைத் தாழ்த்தி வைப்பது வழக்கமாகிவிட்டது. முட்டி வலிக்கு அதுதான் காரணம். பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை அதில் வைத்தால் முழங்கால் நேராக நிற்கவேண்டும். அதுதான் உயரம். சிக்னலில் நிற்கும்போது சீட்டிலிருந்து முன்னே இறங்கிக்கொண்டால் போதும். உயர்த்தும்போது சீட் கம்பியில் குறித்திருக்கும் கடைசிக் கோட்டைத் தாண்டக்கூடாது. ஹேண்டிலுக்கும் அப்படியே. ஹேண்டிலை மாற்றினால் சீட்டையும் யோசிக்கவேண்டும். நிமிர்ந்து உட்கார்ந்தால் எடை முழுக்கச் சீட்டில் இறங்கும், அதற்கு ஸ்பிரிங் வைத்த அகலமான சீட் பொருந்தும். குனிந்து ஓட்டுகிறவர்களுக்கு அதே சீட் தொடையை உரசும்.

சுமையை ஹேண்டிலில் தொங்கவிடாதீர்கள், திருப்பும்போது இழுக்கும். பின்கேரியரில் தாழ்வாக, இருபக்கமும் சமமாக. கேரியர் பொருத்தப் பிரேமில் துளை போடுவதும், கேட் வெல்டிங் செய்யும் பட்டறையில் கொண்டுபோய் ஒட்டவைப்பதும் வேண்டவே வேண்டாம். பழைய பிரேம்களின் இணைப்புகள் பித்தளை உருக்கிச் சேர்த்தவை. அந்தப் பக்கத்தில் பற்றவைப்புச் சூடு பட்டால் இணைப்பு பலவீனமாகும். அச்சிலும் சீட் போல்ட்டிலும் மாட்டும் கேரியர்கள் கிடைக்கின்றன, அதுவே போதும். பின்னால் ஒரு சிவப்பு விளக்கும் பெல்லும் பூட்டும் சேர்த்துவிடுங்கள்.

கட்டி முடித்ததும் வேலை முடிந்தது என்று எண்ணுவதையும் சொல்லவேண்டும். புது போக்ஸ் கம்பிகள் முதல் நூறு கிலோமீட்டரில் தளரும். இரண்டு வாரம் கழித்துக் கொண்டுபோய்க் கோட்டம் எடுத்துவிடுங்கள். கிராங்கை அச்சோடு பிணைக்கும் காட்டர் பின் இருந்தால் அதையும் அப்போதே தட்டி நட்டை இறுக்கவேண்டும். இரண்டு பக்கத்துப் பின்னும் ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் நுழைந்திருக்கிறதா என்று பாருங்கள். ஒரே திசையில் நுழைந்திருந்தால் பெடல்கள் இரண்டும் நேருக்கு நேர் நிற்காது, ஒவ்வொரு மிதிக்கும் கால் ஒரு இடத்தில் தட்டும்.