ஒல்லிப் பிள்ளைக்குக் கொலஸ்ட்ரால் வராதா? பெற்றோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"இவன் ஒல்லிக்குச்சி, இவனுக்கு எங்கிருந்து கொலஸ்ட்ரால் வரும்?" இந்த நினைப்புதான் முதல் தவறு, இருப்பதிலேயே பெரிய தவறும் இதுதான். பரம்பரையாக வரும் ஒரு கொலஸ்ட்ரால் கோளாறு சுமார் 250 பேரில் ஒருவருக்கு இருக்கிறது. அது இருப்பவர்களுக்கு, ரத்தத்தில் இருக்கும் எல்டிஎல்லை, அதாவது கெட்ட கொலஸ்ட்ராலை, அகற்றும் வேலையைக் கல்லீரல் பிறந்ததிலிருந்தே சரியாகச் செய்யாது. அதனால் பிள்ளை எலும்பும் தோலுமாக இருந்தாலும் எல்டிஎல் 160, 190 என்று நிற்கும், வெளியே பெரும்பாலும் ஒன்றுமே தெரியாது. குடும்பத்து ஆண்களில் யாருக்காவது 55 வயதுக்கு முன்போ பெண்களில் யாருக்காவது 65 வயதுக்கு முன்போ மாரடைப்பு வந்திருந்தால், பிள்ளையின் உடம்பைப் பார்த்து முடிவு பண்ணாதீர்கள், டாக்டரிடம் சொல்லி ரத்தப் பரிசோதனை செய்யுங்கள்.

குண்டான பிள்ளைகளிடம் பிரச்சினை வேறு மாதிரி இருக்கும். ட்ரைகிளிசரைடு என்கிற ரத்தக் கொழுப்பு கூடி, நல்ல கொலஸ்ட்ராலான ஹெச்டிஎல் குறைந்து, மொத்தக் கொலஸ்ட்ரால் மட்டும் சாதாரணமாகவே இருக்கலாம். அந்த ஒரு எண்ணைப் பார்த்து நிம்மதியாகிவிட வேண்டாம்.

அடுத்தது ரிப்போர்ட். பல லேப்களில் ஓரத்தில் அச்சாகி இருப்பது பெரியவர்களுக்கான அளவு, 200க்குக் கீழே நார்மல் என்று. பிள்ளைகளுக்கு மொத்தக் கொலஸ்ட்ரால் 170க்குக் கீழே, எல்டிஎல் 110க்குக் கீழே இருக்க வேண்டும், ஹெச்டிஎல் 45க்கு மேல். மொத்தக் கொலஸ்ட்ரால் 190 வந்த பத்து வயதுப் பிள்ளையின் ரிப்போர்ட்டை "நார்மல்" என்று பீரோவில் வைத்துப் பூட்டுவது எவ்வளவு பெரிய இழப்பு! பரிசோதனைக்கு நல்ல வயது 9 முதல் 11. பருவ வயதில் எல்டிஎல் தானாகவே கொஞ்சம் இறங்கும், அப்போது எடுத்தால் ஏமாந்துபோக வாய்ப்புண்டு.

கழுத்தின் பின்பக்கம் கறுத்துத் தடித்திருந்தால் அழுக்கு என்று நினைத்துத் தேய்த்துத் தேய்த்துப் பிள்ளையை அழவைக்கிறார்கள். எடை கூடிய பிள்ளைக்கு அது பெரும்பாலும் இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளம், தேய்த்தால் போகாது. சர்க்கரையையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

சாப்பாட்டில் முதலில் முட்டையைத்தான் நிறுத்துகிறோம், ஆனால் சாயங்கால பஃப்ஸ், பாமாயிலில் பொரித்த சிப்ஸ், சர்க்கரை போட்ட சத்துமாவுப் பானம், பாக்கெட் ஜூஸ் எல்லாம் அப்படியே தொடர்கின்றன. பெரும்பாலான பிள்ளைகளுக்கு தினம் ஒரு முட்டையால் வரும் கெடுதலைவிட இவற்றால் வருவது அதிகம். எண்ணெய் பாக்கெட்டில் "கொலஸ்ட்ரால் இல்லை" என்று போட்டிருப்பதையும் நம்பி அதிகமாக ஊற்ற வேண்டாம், எந்தத் தாவர எண்ணெயிலும் கொலஸ்ட்ரால் கிடையாது, கவனிக்க வேண்டியது கெட்ட கொலஸ்ட்ராலை ஏற்றும் நிறைவுற்ற கொழுப்பு.

அப்புறம், பட்டினி போடாதீர்கள், தயவுசெய்து. வளர்கிற உடம்பு அது. பல பிள்ளைகளுக்கு எடை குறையவே வேண்டாம், ஏறாமல் நின்றாலே போதும், உயரம் கூடக்கூட பிஎம்ஐ, அதாவது உயரத்தோடு எடையை ஒப்பிடும் அளவு, தானாக இறங்கும். தினம் ஒரு மணி நேரம் ஓடியாடி விளையாட வேண்டும், அந்த நேரத்தை டியூஷனுக்குக் கொடுத்துவிட்டு எடைக்கு மருந்து தேடுவதில் நியாயமில்லை.

உணவை மாற்றிப் பதினைந்து நாளில் மறுபடி டெஸ்ட் எடுத்துச் சோர்ந்துபோகவும் வேண்டாம். சில மாதங்கள் கழித்து, டாக்டர் சொல்லும்போது எடுங்கள். அப்போதும் இறங்கவில்லை என்றால் தைராய்டு, சிறுநீரகம் இரண்டையும் பார்த்தார்களா என்று கேளுங்கள், அவற்றில் கோளாறு இருந்தாலும் கொலஸ்ட்ரால் ஏறும்.